அண்டத் தூசியும் சுதேசி விஞ்ஞானமும்

2024-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-58 என்னும் ராக்கெட் கிளம்பிச் சென்ற செய்தியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எக்ஸ்-கதிர்களின் தன்மையை ஆராயும்பொருட்டு நமது தேசத்தார் சமைத்த எக்ஸ்போசாட் என்னும் செயற்கைக் கோளை அது 650 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பத்திரிகைகள் அச்செயலைப் பாராட்டின, பாராட்டியது தகுதியே. ஆனால் அதே ராக்கெட்டின் கடைசிப் பகுதியில் மூன்றே கிலோ எடையுள்ள ஒரு சிறு கருவியும் ஏறிச் சென்றதென்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கலியாண வீட்டில் பெரிய மனிதரைச் சுற்றி ஊரே கூடி நிற்கையில், அவருடன் வந்த கணக்கப்பிள்ளையை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எனினும் வரவு செலவின் உண்மை கணக்கப்பிள்ளையிடமே இருக்கும்.

நாம் கூறும் கருவியும் ஒரு கணக்கப்பிள்ளைதான். வான வெளியில் கண்ணுக்குப் புலனாகாமல் பறந்து திரியும் தூசிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதே அதன் தொழில். ஆமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் அதை நிர்மாணித்து, டெக்ஸ் என்று பெயரிட்டனர். அது உண்ணும் மின்சாரம் 4.5 வாட், வீட்டில் எரியும் சிறு விளக்கொன்றுக்கு வேண்டிய அளவு. இக்கருவி கிரகங்களுக்கிடையே சஞ்சரிக்கும் தூசிகளின் மோதலைப் பதிவு செய்ததென்றும், ஏறத்தாழ ஆயிரம் விநாடிக்கு ஒரு மோதல் வீதம் தென்பட்டதென்றும், இவ்வகையில் நமது தேசத்திலேயே செய்யப்பட்ட முதற் கருவி இதுவே என்றும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2025-ஆம் வருஷத்தில் தெரிவித்தனர். அதாவது பதினேழு நிமிஷத்துக்கு ஒரு முறை ஏதோ ஒரு துகள் வந்து அக்கருவியின் கதவைத் தட்டியிருக்கிறது.

தூசியை எண்ணுவது ஒரு பெருமையா என்று சிலர் கேட்கக்கூடும். கப்பலூரில் வசிக்கும் நமக்கு அக்கேள்வி இயல்பாகவே எழும். திருமங்கலத்துச் சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதியையும், தொழிற்பேட்டைகளின் புகையையும், நூற்பாலைகளில் பறக்கும் பஞ்சுத் தூளையும் பார்த்துப் பழகியவர்கள் நாம். தூசிக்கு இங்கே பஞ்சமில்லை. ஆகாயத்தில் போய்த் தேட வேண்டிய அவசியமென்ன? இவ்வாட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யப் போவதில்லை. அதற்குப் பிறகு வருவோம். முதலில் இத்தூசி யாது, எங்கிருந்து வருவது, அதை அறிவதால் ஆகும் பயன் என்ன என்பவற்றை வரிசையாகக் கவனிப்போம்.

சூரியனைச் சுற்றி எட்டுக் கிரகங்கள் மட்டும் ஓடுகின்றன என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உண்மையில் கிரகங்களுக்கு இடைப்பட்ட வெளி சூனியமன்று. வால்நட்சத்திரங்கள் சூரியனை நெருங்கும்போது அவற்றின் பனி ஆவியாகி, அதில் சிக்கியிருந்த மண் உதிர்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே திரியும் சிறு கோள்கள் ஒன்றோடொன்று மோதிப் பொடியாகின்றன. இவ்விரண்டு வழியிலும் பிறந்த தூசி சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாலையில் சூரியன் அஸ்தமித்து இருள் கவிந்த பின்னும், விடியலுக்கு முன்னும், விளக்கொளி இல்லாத ஊர்களில் அடிவானத்திலிருந்து கூம்புபோல் எழும் மங்கலான வெளிச்சமொன்று தெரிவதுண்டு. அது இத்தூசியின்மீது பட்டுச் சிதறிய சூரிய ஒளியே ஆகும். 1683-ஆம் வருஷத்திலேயே காசினி என்னும் வான சாஸ்திரி இவ்வொளியைக் கண்டு ஆராய்ந்திருக்கிறார்.

இத்தூசி பூமியின்மீதும் ஓயாமல் விழுகிறது. தென் துருவத்துப் பனியை உருக்கி வடிகட்டி ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஆண்டுதோறும் 5,200 டன் அளவு நிலத்தை வந்து சேர்கிறதென்று 2021-இல் கணக்கிட்டனர். காற்று மண்டலத்துள் நுழையும்போதே எரிந்து ஆவியாகிவிடும் பகுதி இதைவிடப் பெரிது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிலையத்தார் இந்து மகா சமுத்திரத்தின் அடித்தளச் சேற்றிலிருந்து இவ்வாறு வந்து விழுந்த நுண்ணிய உருண்டைகளைச் சேகரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே தூசி ஆராய்ச்சி நமது தேசத்துக்கு முற்றிலும் புதியதன்று. ஆனால் விழுந்து கிடப்பதைப் பொறுக்கி ஆராய்வது வேறு. வரும் வழியிலேயே மறித்துப் பிடிப்பது வேறு. கோர்ட்டுப் பழக்கமுள்ளோர் இதை எளிதில் உணர்வர். குற்றம் நடந்த இடத்தில் கிடந்த பொருளும் சாட்சியமே. எனினும் நேரில் கண்டவன் வாக்குமூலத்துக்கு உள்ள மதிப்பே தனி. தீயில் வெந்து, நீரில் ஊறி, உருமாறிய துகள் முந்தியதைச் சேர்ந்தது. டெக்ஸ் கருவி தந்திருப்பது பிந்தியது.

அது வேலை செய்யும் முறையைச் சிறிது விளக்குவோம். துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வான வெளியிலிருந்து பூமியை நோக்கி வரும் தூசியோ விநாடிக்குப் பதினொரு கிலோமீட்டர் முதல் எழுபத்திரண்டு கிலோமீட்டர் வரை வேகங்கொண்டது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் துகளுக்கு, அதே எடையுள்ள துப்பாக்கிக் குண்டைப்போல் நானூறு மடங்கு சக்தி உண்டு. இத்தகைய துகள் ஓர் உலோகத் தகட்டில் மோதினால் உடைவதில்லை, அக்கணமே ஆவியாகிறது. ஆவியின் அணுக்களிற் சில, மின்னேற்றம் பெற்ற துண்டுகளாகப் பிரிகின்றன. அவ்விடத்தில் மின்புலம் ஒன்றை முன்னரே நிறுத்தி வைத்தால், நேர்மின் துண்டுகள் ஒரு பக்கமும் எதிர்மின் துண்டுகள் மறுபக்கமும் இழுக்கப்படும். அதனால் ஏற்படும் மின் துடிப்பு எவ்வளவு வலியது, எவ்வளவு விரைவில் எழுந்தது என்பவற்றைக் கொண்டு துகளின் எடையையும் வேகத்தையும் மதிப்பிடலாம். துகள் அழிந்துபோகிறது, அதன் வாக்குமூலம் நிற்கிறது. டெக்ஸ் கருவியின் பார்வை 140 பாகை விரிந்தது. வானத்தின் பெரும் பகுதியிலிருந்து எத்திசையில் வரினும் துகளை ஏற்கும்படி அது அமைக்கப்பட்டது.

இக்கருவி ஏறிச் சென்ற வாகனமும் கவனிக்கத் தக்கது. ராக்கெட்டின் நான்காம் பகுதி செயற்கைக் கோளை இறக்கிவிட்ட பின் வெறுங் கூடாகி வீணாய்ச் சுற்றுவதே முன்பு வழக்கம். நமது விஞ்ஞானிகள் அக்கூட்டையே ஒரு சோதனைச் சாலையாக்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு போயம் என்று பெயர். எக்ஸ்போசாட்டை விட்ட பின் அக்கூடு 350 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கப்பட்டது, எஞ்சிய எரிபொருள் வெளியேற்றப்பட்டது, சோதனைகள் நடந்தன, 2024 மார்ச் 21-ந் தேதி அது வட பசிபிக் சமுத்திரத்தின்மேல் விழுந்து மறைந்தது. ஆகாயத்தில் குப்பையும் மிஞ்சவில்லை. வேறொரு ராக்கெட்டுக்குப் பணமும் செலவாகவில்லை. சந்தைக்குப் போன வண்டி வெறுமனே திரும்பாமல் உரமூட்டை ஏற்றி வரும் சிக்கனம் நமது குடியானவர்களுக்குத் தெரிந்த விஷயமே. அச்சிக்கனத்தை விண்வெளியிலும் கையாண்ட நமது நிபுணர்களை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

போற்றுவதோடு நிற்பது பத்திரிகையின் கடமையாகாது. கிடைத்த பலனை உள்ளபடி எடைபோடவும் வேண்டும். டெக்ஸ் வேலை செய்தது சில வாரங்களே. அது சுற்றியது பூமிக்கு மிக அருகில். அவ்வுயரத்தில் மனிதர்கள் விட்டெறிந்த குப்பையும் உண்டு: உடைந்த செயற்கைக் கோள்களின் துணுக்குகள், வர்ணப் பூச்சின் செதிள்கள் முதலியவை. இவற்றையும் இயற்கைத் தூசியையும் பிரித்தறிவது எளிய காரியமன்று. பூமிக்குக் கட்டுப்பட்டுச் சுற்றும் குப்பை ஓர் எல்லைக்கு மேல் வேகங்கொள்ள முடியாது. சூரியனைச் சுற்றிவரும் தூசிக்கு அவ்வரம்பு இல்லை. ஆகவே வேகமே முக்கிய அடையாளம். ஆயினும் இரண்டின் வேகமும் ஒன்றையொன்று தொடும் பகுதியில் சந்தேகத்துக்கு இடமிருக்கவே செய்யும். இது முதல் சாட்சியம், தீர்ப்பன்று. இதை மறந்து, அகில உலகத்தையும் வென்றுவிட்டதாகப் பறை சாற்றுவோர் விஞ்ஞானத்துக்கும் நன்மை செய்வதில்லை, தேசத்துக்கும் நன்மை செய்வதில்லை.

இனி, பயன் யாதென்று காண்போம். 1986-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஐரோப்பியர் அனுப்பிய கியாட்டோ என்னும் விண்கலம் ஹாலி வால்நட்சத்திரத்தை 600 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நெருங்கிற்று. அத்தருணத்தில் தூசி ஒன்று மோதியதால் கலம் தள்ளாடிப் பூமியுடன் தொடர்பு இழந்தது. பிறகு தொடர்பு மீண்டதாயினும், அதன் புகைப்படக் கருவி குருடாகிவிட்டது. 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பதினெட்டுக் கண்ணாடிகளில் ஒன்றை ஒரு துகள் தாக்கி ஊறு செய்தது. கோடானு கோடி டாலர் செலவில் அமைந்த கருவிக்கு மணலினும் சிறிய துகள் பகையாகிறது. நமது தேசம் மனிதரையே விண்ணுக்கு அனுப்ப ஆயத்தம் செய்துவரும் காலம் இது. கலத்தின் சுவர் எவ்வளவு கனமாக இருத்தல் வேண்டும் என்பதை நிர்ணயிப்பதற்கு, எத்தனை துகள், எவ்வளவு எடையில், என்ன வேகத்தில் வரும் என்ற கணக்கு இன்றியமையாதது. மதிற்சுவர் எழுப்புகிறவன் பகைவனின் படைபலத்தை அறிந்திருக்க வேண்டாமா?

இஃது ஆபத்தைப் பற்றிய பேச்சு. அறிவைப் பற்றிய பேச்சு இதனினும் பெரிது. அமெரிக்கரின் ஸ்டார்டஸ்ட் கலம் வைல்டு-2 என்னும் வால்நட்சத்திரத்தின் தூசியைப் பிடித்துக்கொண்டு 2006 ஜனவரியில் பூமிக்குத் திரும்பியது; உயிர்ப் பொருள்களின் அடிப்படைகளில் ஒன்றான கிளைசின் அதில் இருந்ததாக 2009-இல் அறிவித்தனர். சனிக்கிரகத்தைச் சுற்றிய காசினி என்னும் கலத்தின் தூசிக் கருவி, என்சலடஸ் என்னும் சிறு சந்திரனிலிருந்து பீறிட்டெழும் பனித்துகள்களில் உப்பைக் கண்டது. அதனால் அச்சந்திரனின் பனித் தரைக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருக்கிறதென்ற முடிவு பலம் பெற்றது. அக்கருவி சேர்த்து வைத்த பதிவுகளிலிருந்தே பாஸ்பேட் உப்பும் உண்டென்று 2023-இல் தெரியவந்தது. செவ்வாயைச் சுற்றும் மேவன் கலம், அக்கிரகத்தின்மேல் ஆயிரம் கிலோமீட்டர் உயரம் வரையிலும் தூசி இருப்பதைக் கண்டு வியப்பில் ஆழ்ந்தது. ஒரு துகளின் வாக்குமூலம் ஒரு கடலையே காட்டிக்கொடுக்கிறது என்றால் அதைக் கேட்க மறுப்பவன் பேதையன்றோ?

இங்கே சிலர் வேறொரு வாதம் நிகழ்த்துவார்கள். அந்நியர்கள் இவ்வளவும் கண்டு எழுதி வைத்திருக்கையில் அவர்கள் புஸ்தகத்தைப் படித்துக்கொண்டால் போதாதா, நாமும் ஏன் கருவி செய்ய வேண்டும் என்பது அவ்வாதம். பழைய கதை ஒன்றை நாம் நினைவூட்ட விரும்புகிறோம். 1906-ஆம் வருஷத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் இதே வாதம் எழாமற் போகவில்லை. வெள்ளைக்காரன் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டணத்தையும் அவன் குறைத்தான். ஏறிப் போவதற்குக் கப்பல் இல்லை என்பது அன்று நமது குறையன்று; ஓட்டத் தெரிந்தவர்களாக நாம் இல்லை என்பதே குறை. கருவி விஷயமும் அத்தகையதே. பிறர் அளந்ததைப் படிப்பவனுக்கு அளவு தெரியும், அளக்கத் தெரியாது. அவர்கள் எதை அளக்கவில்லையோ அது என்றும் அவனுக்கு எட்டாது.

இதற்குச் சான்று அருகிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பர் 18-ந் தேதி மத்திய மந்திரி சபை சுக்கிரனை ஆராயும் திட்டத்துக்கு 1,236 கோடி ரூபாய் அனுமதித்தது. 2028 மார்ச்சில் கலம் புறப்பட வேண்டுமென்பது அப்போது செய்த ஏற்பாடு. அக்கலத்தில் ஏற்றுவதற்குத் தேர்ந்த கருவிகளில் தூசியை அளக்கும் கருவி ஒன்றும் உண்டு. அதுவும் ஆமதாபாத் நிலையத்தாருடையதே. சுக்கிரன் செல்லும் பாதை நெடுகத் தூசி வளையம் ஒன்று அமைந்திருப்பதாக 2013-இல் மேனாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். தொலைவிலிருந்து ஒளியைப் பார்த்துச் சொன்ன முடிவு அது. அங்கேயே சென்று துகளை எண்ணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. வீட்டு முற்றத்தில் நடந்து பழகாத குழந்தை வீதிக்கு ஓட முடியாது. 350 கிலோமீட்டரில் டெக்ஸ் பழகிய நடையே, பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் அதன் தம்பி ஓடுவதற்கு ஆதாரம்.

ஆமதாபாத் நிலையத்தின் வரலாற்றையும் ஈண்டுக் கூறல் தகும். தேசம் விடுதலை பெற்ற 1947-ஆம் வருஷத்திலேயே விக்ரம் சாராபாய் அதை ஸ்தாபித்தார். அதன் முதல் டைரக்டர் கே. ஆர். ராமநாதன் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். கல்கத்தாவில் ஸர் சி. வி. ராமனுடன் ஒளி ஆராய்ச்சி செய்தவர். பஞ்சமும் அகதிகள் துயரும் தேசத்தை வாட்டிய அந்நாளில், வான வெளி ஆராய்ச்சி எதற்கு என்று அவர்கள் கைகட்டி இருந்திருந்தால், இன்று டெக்ஸ் இல்லை, ராக்கெட்டும் இல்லை.

இப்போது கப்பலூர்த் தொழிலாளியின் ஆட்சேபத்துக்கு வருவோம். “என் மார்பில் புகும் தூசியை எண்ண ஆளில்லை, ஆகாயத் தூசியை எண்ண ஆளிருக்கிறதா?” என்று அவன் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் உண்டு. இரண்டரை மைக்ரான் அளவுள்ள நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மிஞ்சலாகாதென்று நமது சர்க்கார் 2009-இல் விதித்தனர். உலக சுகாதார ஸ்தாபனமோ 2021-இல் அவ்வெல்லையை 5 மைக்ரோகிராமாக வகுத்தது. எட்டில் ஒரு பங்கு! அந்த 40-ஐயும் காப்பாற்றுகிறோமா என்பதை ஒவ்வொரு தொழிற்பேட்டை வாசலிலும் அளந்து, ஜனங்கள் படிக்கும்படி பலகையில் எழுதுவோர் யார்? பஞ்சுத் தூளால் நூற்பாலைத் தொழிலாளர்க்கு மூச்சு நோய் உண்டாவது உலகறிந்த விஷயம். அதைத் தடுக்கும் கடமை முதலாளிகளையும் சர்க்காரையும் சார்ந்தது. அக்கடமையில் தவறுவோர்க்கு விண்வெளிச் செலவு ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது. நமது தேசம் எல்லாவித ஆராய்ச்சிக்கும் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதமென்று 2020-21-ஆம் வருஷத்துக் கணக்கு கூறுகிறது. நூறு ரூபாயில் அறுபத்து நான்கு காசு! இக்காசில் ஒரு தூசிக்கு ஆதரவாக இன்னொரு தூசியைத் தள்ளுவது அறிவுடைமையன்று. காசு கூட வேண்டும். இரு தூசியையும் எண்ண வேண்டும். தொழிலாளியின் வழக்கும் விஞ்ஞானியின் வழக்கும் எதிர்வழக்குகளல்ல. அளக்காமலே ஆளலாமென்ற மனப்பான்மைக்கு எதிராக இருவரும் ஒரே பக்கத்து வாதிகள்.

நமது ஜில்லாவின் இளைஞர்கள் செய்யக்கூடியது யாது? எக்ஸ்போசாட் போன அதே கூட்டில் திருவனந்தபுரத்துப் பெண்கள் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவிகள் செய்த கருவியும் சென்றது. புற ஊதாக் கதிரை அளப்பதற்கு அவர்கள் அதை அமைத்தார்கள். 2024 டிசம்பர் 30-ந் தேதி புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டின் கூட்டில் 24 சோதனைகள் ஏறின. அவற்றுள் பத்து, சர்க்கார் விண்வெளி இலாகாவைச் சேராதவர்களுடையவை. அமெரிக்காவில் கொலராடோ சர்வகலாசாலை மாணவர்கள் செய்த தூசி எண்ணும் கருவி நியூ ஹொரைசன்ஸ் கலத்தில் ஏறி, 2006-இல் புறப்பட்டு, 2015-இல் புளூட்டோவையும் கடந்து சென்றது. புளூட்டோவுக்குப் பெயர் சூட்டிய பதினொரு வயதுப் பெண் வெனீஷியா பர்னியின் பெயரை அக்கருவிக்கு இட்டிருக்கிறார்கள். கொலராடோ மாணவர்க்கு இயன்றது, திருவனந்தபுரத்து மாணவிகளுக்கு இயன்றது, மதுரைப் பிள்ளைகளுக்கு இயலாதா? ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நமக்குத் தெற்கே இருக்கிறது. புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அஸ்திவாரம் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் அதற்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது. வாசலில் தேர் நிற்கையில் வீட்டுக்குள் உறங்குவது யார் குற்றம்?

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. டெக்ஸ் சேர்த்த பதிவுகள் முழுவதும் நமது கல்லூரி மாணவர் எவரும் எடுத்து ஆராயும்படி எளிய முறையில் வெளியிடப்பட வேண்டும். பொதுப்பணத்தில் பெற்ற அறிவு பொதுச் சொத்தாகும். ராக்கெட் கூட்டில் இடம் கேட்கும் ஜில்லாக் கல்லூரிகளுக்குக் கருவி செய்யச் சர்க்கார் பொருளுதவி செய்ய வேண்டும். இடம் இலவசமாயினும் பட்டறை இல்லாதவன் பயனடைய முடியாது. இவ்வாராய்ச்சிகளின் பலன் தமிழில் வெளிவர வேண்டும். புரியாத பாஷையில் கிடைத்த பெருமை ஜனங்களுடைய பெருமையாகாது. இறுதியாக, வானத்தின் தூசியை எண்ணக் கற்ற தேசம் தன் ஆலைகளின் தூசியையும் அதே நேர்மையுடன் எண்ண வேண்டும்.

மூன்று கிலோ கருவியொன்று ஆயிரம் விநாடி காத்திருந்து, ஒரு துகளைப் பிடித்து, மீண்டும் காத்திருந்தது. ஆரவாரமில்லாத அப்பொறுமையே விஞ்ஞானம். அப்பொறுமையை நமது பள்ளிகளும், கல்லூரிகளும், சட்டசபைகளும் கற்குமாயின், இத்தேசம் எட்ட முடியாத உயரம் எதுவுமில்லை.